சென்னியப்பன் முகத்து எண்ணெய்

மயிலாத்தாள் அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்துவிடுவார் என்று எங்கள் ஓனர் சொன்னபோது, நான் அந்த அம்மாவின் அப்பா முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அது அவருடைய அப்பா முகம் இல்லை என்பது ஓனருக்குத் தெரியாது. எனக்கும் சசிகுமாருக்கும்தான் தெரியும்.

நான் நாகஜோதி. மண்ணரையில் ஒரு சின்னப் பிரிண்டிங் யூனிட்டில் செக்கிங் பார்க்கிறேன். தைத்து வரும் பனியனில் படம் அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். திருப்பூருக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் உன் வாய் மட்டும் இன்னும் பஸ் ஏறவே இல்லை என்று ஓனர் ஞானசம்பந்தம் அண்ணன் சொல்வார். இந்த ஊர்க்காரர்கள் திட்டுவதற்கே ஒரு 'ங்க' போடுகிறவர்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இந்த ஆர்டர் கொடுத்தது கோயம்புத்தூரில் பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தங்கள் கார்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு ஊத்துக்குளி வரை போகிறார்கள். எல்லோரும் ஒரே பனியன் போட வேண்டும். பனியனில் சென்னியப்பன் முகம் இருக்க வேண்டும்.

சென்னியப்பன் யார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சங்கத்துக்காரர் போனில் சொல்லித்தான் தெரிந்தது. ஊத்துக்குளிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஐம்பதுகளில் திருப்பூரில் ஒரு பஞ்சு மில்காரருக்குக் கார் ஓட்டினார், ரிப்பேரும் பார்த்தார். மில்காரருக்குக் கார்ப் பந்தயத்தில் பைத்தியம். ஒரு பழைய சீமைக் காரை வாங்கி, மேலே இருந்த தகரத்தையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் பந்தய வண்டி கட்டினார்கள். கட்டியது சென்னியப்பன். ஓட்டுவதாக இருந்தது மில்காரர். சென்னைப் பக்கம் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம். ஒரே ஒரு சுற்று ஒத்திகை ஓட்டிவிட்டு இறங்கிய மில்காரருக்கு முகம் வெளுத்துப்போய்விட்டதாம். "நீயே ஓட்டு சென்னியப்பா" என்று சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாராம். அப்படித்தான் அவர் பந்தயக்காரர் ஆனார்.

மொத்தமே மூன்று பந்தயம். முதலாவதில் இஞ்சின் பாதியில் நின்றுவிட்டது. இரண்டாவதில் எண்ணெய்க் குழாய் வெடித்து நேராக முகத்தில் பீய்ச்சியது. மனிதர் நிறுத்தவில்லை. கண்ணுக்குப் போட்டிருந்த கண்ணாடியை முழங்கையால் துடைத்துத் துடைத்து ஓட்டி மூன்றாவதாக வந்துவிட்டார். இறங்கி நின்றபோது யாரோ ஒரு படம் எடுத்தார்கள். நெற்றிக்குக் கீழே கழுத்து வரை ஒரே கறுப்பு. கண்ணாடி இருந்த இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளை வட்டம், அதற்குள் இரண்டு கண். மூன்றாவது பந்தயத்தில் டயர் வெடித்தது. ஓரத்தில் அடுக்கியிருந்த டிரம்களில் வண்டி மோதி அங்கேயே உயிர் போய்விட்டது. முப்பது வயதுகூட ஆகவில்லை. வீட்டில் மனைவி வயிற்றில் குழந்தை. அந்தக் குழந்தைதான் மயிலாத்தாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்குளியில் அந்த அம்மாதான் கார்களை வரவேற்கப்போகிறார். அதற்கு முன்னால் பனியனைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று சங்கத்துக்காரர் சொல்ல, ஞானசம்பந்தம் அண்ணனும் குஷியாகி, "வரச் சொல்லுங்க, மொத பீஸை அவங்க கையிலதான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

கட்டு கட்டுவதற்கு முன்னால் ஒரிஜினல் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் வேலை. முந்தின நாள் மகளுக்குக் காய்ச்சல் என்று நான் வரவில்லை. அதற்குள் மொத்தத்தையும் அடித்து, காய வைத்து, அடுக்கியே விட்டார்கள். சனிக்கிழமை காலையில் வந்து போனில் படத்தைத் திறந்தேன். பனியனை விரித்தேன். படத்தில் இருந்த எண்ணெய் பனியனில் இல்லை. நன்றாகக் குளித்துத் தலை சீவிய ஒரு ஆள் லேசாகச் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

பெரிய ஆர்டர் என்றால் சாம்பிள் பீஸ் அடித்து, பார்ட்டி நேரில் பார்த்து ஓகே சொல்லாமல் பிரிண்டிங் மேஜை பக்கமே போக மாட்டோம். இது சின்ன ஆர்டர் என்று டிசைனை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சங்கத்துப் புண்ணியவான் கார் துடைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ, படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்.

படம் தயார் செய்கிற சசிகுமாரிடம் போனேன். முப்பத்தைந்து வயது ஆள், பூனை மாதிரி மெதுவாகப் பேசுவான்.

"ஏம்ப்பா சசி, இந்த மூஞ்சில இருந்த எண்ணெய் எங்க?"

"எடுத்துட்டேனுங்க்கா." குரலில் பெருமை வேறு.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"இறந்தவரு படமுங்க்கா. மூஞ்சியெல்லாம் கரியோட எப்படீங்க போடறது?"

திட்ட வந்த வாயை மூடிக்கொண்டேன். அவனுடைய உண்மையான பிழைப்பு கண்ணீர் அஞ்சலி பேனர்தான். எங்கள் யூனிட்டுக்கு அவ்வப்போது வருவதெல்லாம் உபரி. இந்தப் பக்கத்தில் யார் இறந்தாலும் ஒரு மணி நேரத்தில் அவனுக்குப் போன் வரும். படம் எப்படி வரும் தெரியுமா? கல்யாண வீட்டில் பந்தியில் வாயில் சோற்றோடு உட்கார்ந்திருக்கிற படம். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிற படம். சசி குழாயை எடுப்பான், கண்ணைத் திறப்பான், தாடியை மழிப்பான், வெள்ளைச் சட்டை போட்டுவிடுவான். இதையெல்லாம் செய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செய்யாவிட்டால்தான் சண்டைக்கு வருவார்கள். செத்துப்போனவரைச் சுத்தமாக நிறுத்துவது மரியாதை, அவ்வளவுதான். அதே மரியாதையைத்தான் சென்னியப்பனுக்கும் செய்திருக்கிறான்.

"சரி, எண்ணெய எடுத்த. அதுக்கு அடியில மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மொதல்ல ஒரு ஆப்ல போட்டுப் பார்த்தேனுங்க்கா. சினிமாக்காரன் மாதிரி வந்துச்சுங்க. நம்ம ஊரு ஆளாவே இல்லீங்க. அப்பறம்..."

"அப்பறம்?"

"எங்கப்பா படம் அதே போல்டர்ல இருந்துச்சுங்க. மூக்கும் வாயும் கன்னமும் நாடியும் அதுல இருந்து எடுத்தேனுங்க. நெத்தியும் கண்ணும் மட்டும் அவரோடதுங்க."

சசியின் அப்பா ஆறுச்சாமி போன வருடம் ஆவணியில் இறந்தார். துக்கத்துக்கு நானும் போயிருந்தேன். தெரு முக்கில் கட்டியிருந்த பேனரை அவன்தான் அழுதுகொண்டே டிசைன் செய்தான் என்று சொன்னார்கள். பனியனை மறுபடி பார்த்தேன். ஆமாம், அதே வாய். தறிக்காரர், வெற்றிலை போடுகிறவர், என்னை எங்கே பார்த்தாலும் "சாப்டீங்களா அம்மிணி" என்று கேட்ட அதே வாய். கட்டுக் கட்டாக ஆறுச்சாமி அங்கே அடுக்கிக் கிடந்தார்.

ஞானசம்பந்தம் அண்ணனிடம் ஓடினேன். அவர் தட்டில் வெற்றிலையும் பூவும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு நாகஜோதி. அந்தம்மா அப்பனைக் கண்ணுலயே பார்த்ததில்லை. இவரு இல்லைன்னு எப்படிச் சொல்லுவாங்க? லட்சணமான மூஞ்சி. பார்த்துச் சந்தோசமாப் போகட்டும். நீ உன்ற சாத்தூர் வாயைக் கொஞ்ச நேரம் மூடிட்டு இரு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அவங்களுக்குத் தெரியாதுங்கிறதுதான் அண்ணே எனக்குப் பயமா இருக்கு."

"நாளைக்குக் காத்தால வண்டியெல்லாம் கெளம்புது. இப்பப் போயி என்னத்தைப் பண்றது?" என்று சொல்லிவிட்டு இளநீர் வாங்க ஆள் அனுப்பப் போய்விட்டார்.

நான் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகம் தெரிந்தவராக இருந்தால் வந்து பார்த்து நான்கு வார்த்தை திட்டுவார், நாங்களும் திருத்திக்கொள்வோம். இந்த அம்மாவுக்குத் தெரியாது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார். இதையே கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டுவார். வருடா வருடம் திதிக்குப் பூப் போட்டு ஆறுச்சாமியைக் கும்பிடுவார். பேரப்பிள்ளைகள் என்னோட மூக்கு கொள்ளுத்தாத்தா மூக்கு என்று தேடிப் பார்க்கும். அதற்கெல்லாம் நான் பேசாமல் இருந்ததுதான் காரணமாக இருக்கும்.

அதே சமயம் சொல்லவும் பயமாக இருந்தது. ஆயுசு முழுக்கப் பார்க்காத அப்பா முகத்தை ஆசையோடு கையில் வாங்கி நிற்கும்போது, இது உங்கப்பா இல்லை என்று பிடுங்குவதற்கு நான் யார்? டீ வந்தது, குடிக்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரு தடவை பெருமாநல்லூரிலிருந்து துணி இறக்க வந்த வேன். இன்னொரு தடவை தண்ணி லாரி. சசி இடத்தை விட்டு அசையவே இல்லை. நான் படும் பாட்டைப் பார்த்து அவனுக்கும் இப்போது பயம் வந்துவிட்டது.

பதினொன்றரைக்கு ஆட்டோ வந்தது. ஒல்லியாக, உயரமாக, கைத்தறிச் சேலை கட்டிய அம்மா இறங்கினார். எருமை கட்டிப் பால் ஊற்றுகிறவர் என்று சொன்னார்கள். கையில் ஒரு தூக்குப்போசி. "வெறுங்கையோட எப்படீங்க வாரது, கொஞ்சம் வெண்ணெய்" என்று என்னிடம் கொடுத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. ஞானசம்பந்தம் அண்ணன் தட்டை நீட்டினார். வெற்றிலைக்கும் பூவுக்கும் நடுவில் மடித்த பனியன். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தார். மடிப்பைப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். மேஜையில் வேலை பார்த்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"உங்கப்பாங்க அம்மா," என்றார் ஞானசம்பந்தம் அண்ணன்.

"அப்படீங்களா," என்றார் அவர். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க."

அண்ணனுக்கு மூச்சு வந்தது. எனக்கு வரவில்லை. இத்தனை வருடம் இவர்களோடு இருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. இவர்கள் வேகாத சோற்றைப் போட்டாலும் நல்லா இருக்குதுங்க என்றுதான் சொல்வார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அம்மா பனியனை, முகம் உள்ளே போகிற மாதிரி மடித்தார். தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"ஏனுங்க," என்றார், மிகவும் மெதுவாக. "அந்த எண்ணெய் எங்கீங்க போச்சு?"

"தொடச்சுட்டோமுங்க. சுத்தமாப் போட்டாத்தானே மரியாதைங்க," என்றார் அண்ணன்.

"ஆமாங்க, மரியாதைதானுங்க." தலையை ஆட்டினார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "தப்பா நெனைச்சுக்காதீங்க சாமி. எங்கப்பன் செத்தப்ப எங்கம்மா அவரு மூஞ்சி தெரியற படத்தையெல்லாம் எடுத்து அடுப்புல போட்டுருச்சுங்க. கண்ணாலப் படங்கூட இல்லீங்க. பார்க்கப் பார்க்க அழுகை நிக்கலைன்னு. இந்த எண்ணெய்ப் படத்தை மட்டும் உட்டு வெச்சுது. ஏன்னு கேட்டா, இது அவராட்டவே இல்லை, இருந்துட்டுப் போகுதுன்னு சொல்லும். அப்படித் தப்பிச்ச படமுங்க அது."

தட்டிலிருந்த பனியனின் மடிப்பை ஒரு விரலால் நீவிவிட்டார்.

"எனக்கு அது ஒண்ணுதானுங்க அப்பன். அத்தை வந்தா, உனக்கு அவன் மூக்குன்னு சொல்லும். பெரியப்பன், அவன் சிரிச்சாக் கன்னத்துல குழி உழுகும்பாரு. இன்னொருத்தரு இல்லவே இல்லைம்பாரு. அவங்க சொல்றதையெல்லாம் கேட்டுட்டு வந்து, படுத்துட்டுக் கண்ணை மூடி அந்த எண்ணெயை நானே கொஞ்சங் கொஞ்சமாத் தொடைப்பேனுங்க. அறுபத்தெட்டு வயசு ஆச்சு, இன்னும் தொடைச்சுட்டுத்தான் இருக்கறேன். நான் தொடைச்சதுல வந்தவரு இவரு இல்லீங்க."

தட்டைப் பார்த்தார். "இவரும் நல்லாத்தானுங்க இருக்கறாரு. யாருங்க இவரு?"

ஞானசம்பந்தம் அண்ணன் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து சொல்லியே தீர வேண்டும் என்று துடித்த என் வாய், கேட்டபோது திறக்கவில்லை. பின்னாலிருந்து சசி சொன்னான்.

"எங்கப்பாங்க."

அவன் எழுந்து வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. "நெத்தியும் கண்ணும் உங்கப்பாதுங்க. மிச்சம் எங்கப்பாதுங்க. ஆறுச்சாமிங்க பேரு. போன ஆவணியில தவறிட்டாருங்க. எனக்கு வேற மூஞ்சி தெரியலீங்க அம்மா. மன்னிச்சுக்கங்க."

அந்த அம்மா கத்துவார் என்று நான் பயந்தேன். கத்தியிருந்தால் எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நாடி உன்ற நாடியேதான் கண்ணு," என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எண்ணெயைத் திரும்ப ஊத்திருவோம்," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கே அப்போதுதான் தோன்றியது. ஒரிஜினல் படத்திலிருந்து எண்ணெயை மட்டும் தனியாகப் பிரித்து இன்னொரு அச்சுப் பிரேம் போடலாம். அடித்த பனியனை மறுபடி மேஜையில் மாட்டி, அந்த முகத்தின் மேலேயே கறுப்பு மை இழுத்துவிடலாம்.

"ஏற்கெனவே அடிச்ச பீஸ் மேல மறுபடி அடிச்சாப் படம் சேராதே," என்றார் ஞானசம்பந்தம் அண்ணன். "அரை விரக்கடை தள்ளித் தள்ளி உழுகும்."

"எண்ணெய் தானாத் தெறிச்சதுதானே அண்ணே? அது அளவெடுத்தா தெறிச்சுச்சு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு யூனிட்டில் முதல் சிரிப்பு அதுதான். உடனே போனை எடுத்து கட்டு ஏற்ற வருகிற சாயங்கால வண்டியைத் தள்ளிப்போட ஏற்பாடு செய்தார். சசி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். அவன் அழித்த ஒவ்வொரு துளியையும் தேடித் தேடித் திரும்பக் கொண்டுவந்தான். மயிலாத்தாள் அம்மா போகவில்லை. எங்களோடு உட்கார்ந்து என் டப்பாவிலிருந்து புளிச்சோறு சாப்பிட்டார். காரமாக இருக்கிறதா என்று கேட்டேன். நல்லா இருக்குதுங்க என்றார். கண்ணில் தண்ணீர்.

மூன்று மணிக்குப் பிரேம் தயாரானது. மேஜையில் முதல் பனியனை மாட்டி, பிரேமை இறக்கி, மையை ஊற்றினார்கள். நானே இழுக்கிறேன் என்று சசி, மை இழுக்கிற ரப்பர் கட்டையை வாங்கிக்கொண்டான். தப்பைத் தானே சரிசெய்ய வேண்டும் என்று நினைத்திருப்பான். இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்து மைக்குப் பின்னால் வைத்தான். ஒரே இழுப்பு இழுத்தால் முடிந்தது. அவன் இழுக்கவில்லை. அப்படியே நின்றான். தோள் குலுங்கியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேனரைக் கிழித்து எடுத்த பிறகு அவனுடைய அப்பா முகம் வெளியே எங்கேயும் இல்லை. இப்போது ஒவ்வொரு பனியனாக அவனே அதை மூட வேண்டும். நல்ல யோசனை சொன்னேன் என்று இவ்வளவு நேரமாக உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டிருந்த எனக்கு வெட்கமாகிவிட்டது. "விடு சசி, நான் இழுக்கிறேன்," என்று முன்னால் போனேன்.

மயிலாத்தாள் அம்மா எனக்கு முன்னால் போய்விட்டார். அவன் கையிலிருந்து கட்டையை மெதுவாக விடுவித்தார்.

"உங்கப்பனை நீ மறைக்க வேண்டாங் கண்ணு. நீ அந்தப் பக்கம் பார்த்துக்க. என்ற அப்பனை நான் கொண்டாறேன்."

பால் கறந்து பழகிய கை, பலம் இருந்தது. ஆனால் இது கை பழகாத வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பிரேமைத் தூக்கினோம். வாய் போயிருந்தது, கன்னம் போயிருந்தது, நாடி போயிருந்தது. கறுப்பு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் விழுந்து, கழுத்துக்குக் கீழே கொஞ்சம் வழிந்தும் இருந்தது. வேறு யார் அடித்திருந்தாலும் ரிஜெக்ட் என்று அந்த இடத்திலேயே தூக்கி எறிந்திருப்பேன்.

இரண்டு வெள்ளை வட்டத்துக்குள்ளிருந்து இரண்டு கண் பார்த்தது. மயிலாத்தாள் அம்மா மை அப்பிய கையைத் தூக்கிக்கொண்டு, மேஜைமேல் குனிந்தார்.

"வாங்கப்பா," என்றார்.